காவற்காரன் பெண்டாட்டி

மாரம்மாவின் கையெழுத்து அழகாக இருக்கும். காவேரிப்பட்டணத்துக்குப் பக்கத்தில் அவள் படித்த பள்ளிக்கூடத்தில் ஆண்டு விழாவோ கொடியேற்றமோ, எது வந்தாலும் கரும்பலகையில் எழுத அவளைத்தான் கூப்பிடுவார்கள். பத்தாவதோடு படிப்பு நின்றது. அதன் பிறகு அந்தக் கையெழுத்துக்குப் பெரிய வேலை இல்லை. கல்யாணப் பத்திரிகைகளுக்கு விலாசம் எழுதுவாள், அக்கம்பக்கத்துப் பெண்களுக்கு ரேஷன் கார்டு மனு எழுதிக் கொடுப்பாள். அவ்வளவுதான்.

கல்யாணமாகி ஓசூர் மூக்கண்டப்பள்ளிக்கு வந்த இரண்டாம் வருஷம் அதற்கு மறுபடி வேலை வந்தது. அவள் புருஷன் வெள்ளைச்சாமிக்கு அருப்புக்கோட்டைப் பக்கம். சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் லேத் ஓட்டினான். முடி அளவு பிசகாமல் ஷாஃப்ட் கடையும் அந்தக் கை, பேனாவைப் பிடித்தால் மட்டும் கோணிக்கொள்ளும். அவனுக்குக் கதை எழுதும் பித்து இருந்தது. நாகலோகம், மந்திரக் குகை, பூதம் காக்கும் புதையல் என்று புராணத்திலிருந்து ஒரு நூலை எடுத்துத் தன் இஷ்டத்துக்கு நெய்வான். அனுப்பிய கதைகள் எல்லாம் திரும்பி வந்தன. சேலத்திலிருந்து வந்துகொண்டிருந்த ஒரு மாத இதழின் ஆசிரியர் மட்டும் முதல் பக்க ஓரத்தில் சிவப்பு மையில், ‘படிக்க முடியவில்லை’ என்று எழுதியிருந்தார்.

“கதை நல்லால்லன்னு சொல்லல பாரு. படிக்க முடியலன்னுதான் சொல்லியிருக்காரு,” என்று வெள்ளைச்சாமி அதிலும் ஒரு சந்தோஷம் கண்டான்.

“குடுங்க, நான் எழுதித் தர்றேன்,” என்றாள் மாரம்மா.

அன்றிலிருந்து அது அவள் வேலையானது. அவனுக்கு நிரந்தரமாக மதிய ஷிப்ட். காலையில் கட்டிலில் குப்புறப் படுத்துக்கொண்டு எழுதுவான். இரண்டு மணிக்குக் கம்பெனி பஸ் ஏறிப் போவான். அவன் போனதும் அவள் பாத்திரம் கழுவி வைத்துவிட்டு, பரீட்சை அட்டையை மடியில் வைத்து, வெள்ளைத் தாளில் ஒரு பக்கம் மட்டும் இடம் விட்டு எழுதுவாள். மகள் மோகனப்ரியா பிறந்து பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகு, அவள் திரும்பி வரும் நாலு மணி வரை. அவன் எழுத்தைப் படிக்கத் தெரிந்தவள் உலகத்தில் அவள் ஒருத்திதான். அதில் அவளுக்கு ஒரு கர்வம் இருந்தது. கதையைப் பற்றி அவள் ஒன்றும் சொன்னதில்லை. அவனும் கேட்டதில்லை.

2003ஆம் வருஷம் ஆடி மாதம் வெள்ளைச்சாமி ஒரு நாவல் தொடங்கினான். பெயர் ‘ஏழாம் கன்னி’.

அந்தக் கதையின் விதை அவளுடையது. அவள் ஊர் ஏரிக்கரையில் கன்னிமார் சாமிக்கு ஏழு கல் நட்டிருக்கும். ஆறு கல் ஒரே வரிசையில், ஏழாவது மட்டும் நாலடி தள்ளி. ஏன் தள்ளி நிற்கிறது என்று ஊரில் யாருக்கும் தெரியாது. கல்யாணமான புதிதில், இரண்டு பேருக்கும் என்ன பேசுவது என்று தெரியாத நாட்களில், அவள் அவனிடம் தானாகச் சொன்ன முதல் விஷயம் அது. அதை அவன் மறக்காமல் வைத்திருந்து நாவலாக்குகிறான் என்றதும் அவளுக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது.

கதை இப்படிப் போனது. பௌர்ணமிதோறும் ஏழு கன்னிமார் வானத்திலிருந்து இறங்கி மலைமேல் இருக்கும் ஏரியில் குளிக்கிறார்கள். கடைசித் தங்கை ஆம்பல். அவளுக்கு நிலத்தில் நிழல் விழாது, தண்ணீரில் மட்டும் விழும். ஏரியைக் காவல் காக்க ஒரு சிற்றரசன் மாறன் என்ற வீரனை வைத்திருக்கிறான். மதகுக்கு அடியில் ஒரு பூதம் குடியிருக்கிறது. ஒரு பௌர்ணமியில் ஆம்பல் மாறனைப் பார்த்துவிட்டு அக்காமாரோடு திரும்பிப் போகாமல் தங்கிவிடுகிறாள்.

மூன்றாவது அத்தியாயத்தை நகல் எடுக்கும்போதுதான் மாரம்மாவின் பேனா நின்றது. ஆம்பலை வெள்ளைச்சாமி வர்ணித்திருந்தான். வழக்கமாக அவன் கதைப் பெண்களுக்கு மான் விழியும் மின்னல் இடையும்தான் இருக்கும். எந்த ஊர்க்காரியும் அல்ல, எல்லாரும் ஒரே அச்சு. ஆம்பல் அப்படி இல்லை. இடது புருவம் நடுவில் ஒரு நெல் அளவுக்கு வெட்டுப்பட்டிருந்தது. சிரிப்பதற்கு முன்னால் கீழுதட்டைக் கடித்து அதை ஒரு நொடி நிறுத்தி வைப்பாள். யாராவது பேசினால் முகத்தைப் பார்க்காமல் அவர்கள் கையைப் பார்ப்பாள்.

இதை யாரும் யோசித்து எழுத முடியாது என்று மாரம்மாவுக்குத் தோன்றியது. பார்த்திருக்க வேண்டும். ஒருமுறை அல்ல, பல நாள்.

மறுநாள் காலையில் அவனுக்குத் தோசை வார்த்துக்கொண்டே கேட்டாள். “ஏங்க, அந்த ஆம்பலுக்குப் புருவத்துல ஏன் வெட்டு? தேவலோகத்துலயும் கீழ விழுவாங்களா?”

“சும்மா ஒரு அழகுக்கு.”

“வெட்டு அழகா?”

“கதைக்கு வேணும்ல. அடுத்த தோசையக் கொஞ்சம் முறுகலாப் போடு.”

  அன்று முதல் அவள் எங்கே போனாலும் பெண்களின் புருவத்தைப் பார்த்தாள். குழாயடியில் குடத்தோடு நிற்பவர்களை, சந்தையில் ராகி அளப்பவளை, அத்திப்பள்ளி பஸ்ஸில் எதிர் சீட்டில் உட்கார்ந்தவளை. வீட்டுக்கு வந்து கண்ணாடியில் தன்னைப் பார்த்தாள். ஒரு குறையும் இல்லாத இரண்டு புருவம். தான் எப்படிச் சிரிப்போம், யாராவது பேசினால் எதைப் பார்ப்போம் என்று அவளுக்கே தெரியவில்லை. ஆறு வருஷம் கூட இருந்தவன் அதை எங்கேயும் எழுதி வைக்கவில்லை. அவள் சொன்ன ஏரி, அவள் ஊர்க் கல், அதன்மேல் வேறு யாரோ ஒருத்தியைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறான்.

ஆயுத பூஜைக்குக் கம்பெனியில் குடும்பத்தோடு வரச் சொல்வார்கள். முந்தைய வருஷங்களில் மாரம்மா போனதில்லை. அந்த வருஷம் தானே புடவை எடுத்து வைத்துக்கொண்டு கிளம்பினாள். மெஷின்களைத் துடைத்துச் சந்தனப் பொட்டு வைத்து வாழைக்கன்று கட்டியிருந்தார்கள். பூசணிக்காய் உடைத்து முடிந்ததும், நீலக் கோட்டுப் போட்ட ஒரு பெண் பொரிகடலைப் பொட்டலங்களைத் தட்டில் வைத்துக்கொண்டு அவர்கள் பக்கம் வந்தாள். இருபத்துமூன்று, இருபத்துநாலு வயது இருக்கும். இடது புருவம் நடுவில் வெட்டுப்பட்டிருந்தது.

“இது லாவண்யா. இன்ஸ்பெக்‌ஷன்ல இருக்கு,” என்றான் வெள்ளைச்சாமி. குரலில் ஒன்றும் இல்லை. அதுதான் மாரம்மாவுக்கு உறுத்தியது. ஒன்றும் இல்லாமல் இருக்க அவன் பாடுபட்ட மாதிரி இருந்தது.

“அக்கா, அண்ணன் கடையிற பீஸெல்லாம் அளந்து பாக்கிறது நான்தான்,” என்ற லாவண்யா உதட்டைக் கடித்து ஒரு நொடி நிறுத்தி, பிறகு சிரித்தாள். “பாதிய ரிஜெக்ட் பண்ணிடுவேன். வீட்ல வந்து என்னத் திட்டுவாரா?”

“உங்களப் பத்தி வீட்ல ஒண்ணுமே பேச மாட்டாரு,” என்றாள் மாரம்மா.

லாவண்யா அவள் கையைப் பார்த்தாள். “உங்க விரல்ல மை இருக்குதுக்கா,” என்று சொல்லி, ஒரு பொட்டலம் கூடுதலாக மோகனப்ரியாவின் கையில் வைத்துவிட்டு அடுத்த குடும்பத்திடம் போனாள்.

அவள் அவனை அண்ணன் என்றுதான் கூப்பிட்டாள். தப்பாக ஒன்றும் இல்லை என்று மாரம்மாவுக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. தெரிந்தும் நெஞ்சில் எரிச்சல் அடங்கவில்லை. தப்பு இருந்திருந்தால் சண்டை போட்டிருப்பாள், அம்மா வீட்டுக்குப் போயிருப்பாள். ஒரு பெண்ணைக் கவனித்துப் பார்த்தான், பார்த்ததைக் கதையில் எழுதினான் என்பதற்கு யாரிடம் போய் நியாயம் கேட்பது?

அடுத்த நாள் மதியம் அவன் பஸ் ஏறியதும் மாரம்மா மூன்றாவது அத்தியாயத்தின் நகலைக் கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி எழுத உட்கார்ந்தாள். புருவ வெட்டு வரும் வரியை விட்டுவிட்டாள். உதட்டைக் கடிப்பதை விட்டாள். ஆம்பலுக்கு மான் விழி வைத்தாள். எழுதி முடித்ததும் மனசு கொஞ்சம் ஆறியது.

ஆனால் மறுநாள் அது போதவில்லை. மாறன் ஏரிக்கரையில் தனியாக நின்று பாடும் இடம் வந்தது. அங்கே பேனாவை ஊன்றி, அவன் எழுதாத ஒரு வரியை எழுதினாள்: ‘காவற்காரனுக்கு ஒரு பெண்டாட்டி இருந்தாள்.’

எழுதிவிட்டு அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடிக்கலாமா என்று யோசித்தாள். அடிக்கவில்லை. அந்தப் பெண்டாட்டி அடுத்த பக்கத்தில் துணி மூட்டையோடு ஏரிக்கு வந்தாள். துவைக்கும் கல்லில் குனிந்தபோது, கரையில் யாருமே இல்லாமல் தண்ணீரில் மட்டும் ஒரு பெண்ணின் நிழல் நிற்பதைப் பார்த்தாள். அந்த நிழல் தன் புருஷன் நிற்கும் பக்கமே திரும்பியிருப்பதையும் பார்த்தாள். அவளுக்கு மாரம்மா பெயர் வைக்கவில்லை. காவற்காரன் பெண்டாட்டி என்றே கடைசி வரை எழுதினாள்.

ஐப்பசியில் கம்பெனிக்குப் பெரிய ஆர்டர் வந்து வெள்ளைச்சாமிக்கு ஓவர்டைம் போட்டார்கள். அவனுக்கு எழுதவே நேரம் பத்தவில்லை, நகலை வாங்கிப் பார்க்க எங்கே நேரம்? “நீ எழுதினா ஒரு புள்ளி பிசகாது,” என்று சொல்லிவிட்டான். அவன் முடிவில், மாறன் உயிரை விட்டு ஆம்பலோடு தண்ணீருக்குள் நடந்து தேவலோகம் போனான்.

மாரம்மாவின் முடிவு வேறு. காவற்காரன் பெண்டாட்டி மதகுப் பூதத்திடம் போகிறாள். தன் முகத்தின் சாயலைப் பூதத்துக்குக் கொடுத்துவிட்டு, பதிலுக்கு மதகைத் திறக்கச் சொல்கிறாள். ஏரி வற்றுகிறது. நிழல் விழத் தண்ணீர் இல்லாமல் ஆம்பல் சேற்றிலே கல்லாகிறாள். பெண்டாட்டி ஜெயித்த சந்தோஷத்தோடு வீட்டுக்கு வந்து சோறு வடிக்கிறாள். ஆனால் மாறன் தினமும் அந்தக் கல்லுக்கு எதிரில் போய் உட்காருகிறான். சோற்றுத் தூக்கை அவள்தான் அங்கே கொண்டுபோக வேண்டியிருக்கிறது. இருபது வருஷம் கொண்டுபோகிறாள். கல்லுக்கு வயசாகவில்லை. அவளுக்கு ஆகிறது.

கடைசி வரியை எழுதியபோது மாரம்மா அழுதாள். யாருக்காக என்று கேட்டால் அவளால் சொல்லியிருக்க முடியாது. நகலைத் தபாலில் சேர்த்துவிட்டு வரும் வழியில் அடுப்புக்கு மண்ணெண்ணெய் வாங்கிக்கொண்டு வந்தாள்.

மாசி மாத இதழில் ‘ஏழாம் கன்னி’ முழு நாவலாக வந்தது. ஆசிரியர் அனுப்பிய பிரதி காலையில் வந்தது. வெள்ளைச்சாமி அதை எடுத்துக்கொண்டு டீக்கடை பெஞ்சுக்குப் போனான். ஒன்றரை மணி நேரம் கழித்து வந்தவனுடைய முகம் கறுத்திருந்தது.

“என் கதையைக் கெடுத்துட்டாய்ங்க. எவளோ ஒரு பொண்டாட்டிய உள்ள விட்டிருக்கான் அந்த ஆசிரியர். ஆம்பலக் கல்லாக்கிட்டான். தாளை எடு. லெட்டர் எழுதணும்.”

அவள் பரீட்சை அட்டையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அவன் நடந்துகொண்டே சொன்னான். “மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு. தாங்கள் என் அனுமதியில்லாமல் என் நாவலின் பாத்திரங்களைச் சிதைத்தது...”

‘சிதைத்தது’ வரை எழுதிவிட்டு அவள் நிறுத்தினாள்.

“என்ன, எழுது.”

“ஆசிரியர் பண்ணலீங்க. நான்தான் பண்ணேன்.”

அவனுக்கு அது உடனே புரியவில்லை. அவள் இன்னொரு முறை சொன்னாள். அவன் கட்டிலில் உட்கார்ந்தான்.

“எதுக்கு?”

“அந்தப் புருவத்துக்கு.”

வெள்ளைச்சாமி இதழைக் கட்டில்மேல் வைத்தான். பிறகு, “பார்த்தேன். பார்த்ததை எழுதினேன். அங்கிட்டு வேற ஒண்ணும் கிடையாது மாரம்மா. சத்தியமா,” என்றான்.

“தெரியும்.”

“தெரிஞ்சுமா இப்படிப் பண்ணே?”

“வேற ஒண்ணும் எனக்கு வேணாங்க. அவளை அப்படிப் பார்த்தீங்களே, அந்தப் பார்வைதான் எனக்கு வேணும்னு இருந்துச்சு. என் ஊர்க் கல்லுங்க அது. அதுல என்னை ஒரு வரி பார்த்து எழுத உங்களுக்குத் தோணல.”

அவன் சட்டையை மாட்டிக்கொண்டு, பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம் இருக்கும்போதே கிளம்பிவிட்டான். சோற்று டப்பா வீட்டிலேயே இருந்தது.

இதோடு முடிந்திருந்தால் ஒரு மாதத்தில் சமாதானமாகியிருப்பார்கள். ஆனால் பங்குனியில் ஆசிரியர் வாசகர் கடிதங்களை ஒரு பெரிய கவரில் போட்டு அனுப்பினார். மொத்தம் பதினொன்று. எட்டுக் கடிதங்கள் காவற்காரன் பெண்டாட்டியைப் பற்றி மட்டும் பேசின. பரமத்தியிலிருந்து ஒரு அம்மாள், ‘அந்தச் சோற்றுத் தூக்கை நானும் சுமந்திருக்கிறேன்’ என்று எழுதியிருந்தாள். ஆம்பலைப் பற்றி ஒரே ஒரு கடிதம், அதுவும் அவள் பெயர் நன்றாக இருக்கிறது என்று. வெள்ளைச்சாமி எல்லாவற்றையும் படித்தான். படித்து மடித்து, திரும்பவும் படித்தான்.

கம்பெனியிலும் அதே கதைதான். கேன்டீனில் லாவண்யா இதழோடு வந்து அவன் எதிரில் உட்கார்ந்தாள். “அண்ணா, கதை படிச்சேன். அந்தப் பொண்டாட்டி பூதத்துக்கிட்ட முகத்தைக் குடுக்குறா பாருங்க, அங்க எனக்குத் தாங்க முடியல. எப்பிடிண்ணா தோணுச்சு உங்களுக்கு?”

“தோணுச்சு,” என்றான் வெள்ளைச்சாமி. வீட்டில் வந்து அதை மாரம்மாவிடம் அவனே சொன்னான். சொல்லிவிட்டு அவள் முகத்தில் சந்தோஷம் வருகிறதா என்று பார்த்தான். வந்தது. அவனுக்கு அது பொறுக்கவில்லை.

அதற்குப் பிறகு அவன் எழுதியதை அவளிடம் கொடுக்கவில்லை. பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் தஸ்தகீர் என்பவர் ஒரு கம்ப்யூட்டர் டைப்பிங் சென்டர் வைத்திருந்தார். வெள்ளைச்சாமி அவர் பக்கத்தில் உட்கார்ந்து வரி வரியாகப் படித்துச் சொல்ல, அவர் அடித்துக் கொடுத்தார். அப்படி இரண்டு கதை போயின. இரண்டிலும் வீரனுக்கு ஒரு பெண்டாட்டி இருந்தாள். அவளும் ஏரிக்கு வந்தாள், அவளும் அழுதாள். இரண்டும் திரும்பி வந்தன. வீட்டில் அவன் மாரம்மாவைக் கவனிக்கத் தொடங்கினான். அவள் மாவு அரைக்கும்போது, புளி கரைக்கும்போது, சும்மா வாசலில் நிற்கும்போது. அவன் பார்வையை அவள் உணர்ந்தாள். ஒரு காலத்தில் அதற்காக ஏங்கினாள். இப்போது அது கிடைத்தபோது, அளவு பார்க்கும் கருவி மாதிரி அவள்மேல் ஊர்ந்தது.

“என்னாங்க பார்க்கறீங்க?”

“நீ என்ன யோசிக்கிறேன்னு பார்க்கிறேன்.”

“உப்புப் போட்டேனா இல்லையான்னு யோசிக்கறேன்.”

அவன் நம்பவில்லை.

2005 தை மாதம் அவன் சட்டையைத் துவைக்க எடுத்தபோது பையில் ஆசிரியரின் கடிதம் ஒன்று இருந்தது. மூன்று வாரத்துக்கு முந்தைய தேதி. ‘காவற்காரன் பெண்டாட்டியை எழுதிய கை மறுபடி எப்போது எழுதும்? ஆண்டு மலருக்கு எதிர்பார்க்கிறேன்’ என்று இருந்தது. அவள் கடிதத்தைக் காயப் போட்ட துணிக்குப் பக்கத்தில், பறக்காமல் மேலே ஒரு கல் ஏற்றி, அவன் கண்ணில் படும்படி வைத்தாள். அவன் எழுந்து வந்து பார்த்தான்.

“சொல்லணும்னுதான் இருந்தேன்,” என்றான். பிறகு மெதுவாக, “நீ ஒண்ணு எழுதிக் குடேன். என் பேர்லயே போகட்டும். அவருக்கு என் பேருதான தெரியும்,” என்றான்.

“எழுதறேன். என் பேர்ல அனுப்பறேன்.”

“மாரம்மான்னா? பூதக் கதைக்கு மேல மாரம்மான்னு போட்டா யாரு படிப்பா?”

“வெள்ளைச்சாமின்னு போட்டாப் படிக்கலையா?”

ஆறு நாள் அவன் அவளோடு பேசவில்லை. மகள் வழியாகவே தண்ணீரும் சோறும் கேட்டான். அந்த ஆறு நாளில் மாரம்மா பழைய பரீட்சை அட்டையில் ஒரு சிறுகதை எழுதினாள். மதகுப் பூதத்தின் கதை. காவற்காரன் பெண்டாட்டி கொடுத்த முகத்தைப் போட்டுக்கொண்டு ஊருக்குள் போகும் பூதம், எந்த வீட்டிலும் தன்னை யாரும் ஏறெடுத்துப் பார்க்காததைக் கண்டு குழம்பித் திரும்பி வருகிறது. எழுதி முடித்து, இந்தமுறை அடித்தல் திருத்தல் உள்ள தாளையே கவரில் போட்டாள். நகல் எடுக்க அவளுக்குப் பொறுமை இல்லை.

ஆண்டு மலரில் அது வந்தது. மேலே ‘மூ. மாரம்மா, மூக்கண்டப்பள்ளி’ என்று போட்டிருந்தார்கள். வெள்ளைச்சாமி அதைப் படித்தானா என்று அவளுக்குத் தெரியவில்லை.  இரண்டு நாள் கழித்துச் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தவன், “பூதம் கண்ணாடிக் கடைக்கு முன்னால நிக்குமே, அந்த இடம் இன்னும் கொஞ்சம் நீளமா இருந்திருக்கலாம்,” என்றான். அவள் ரசம் ஊற்றினாள்.

பிறகு அவளுடைய கதைகள் வருஷத்துக்கு இரண்டு, மூன்று வந்தன. அவனுடையது ஒன்று வந்தது, நாகலோகத்து யுத்தம் பற்றி. அது நன்றாகவே இருந்தது. அதற்கு நாலு கடிதம் வந்தது. அந்த நாலையும் அவன் தனி உறையில் வைத்தான். இரண்டு பேரும் ஒருவர் எழுதுவதை மற்றவர் அச்சில் வரும்வரை பார்ப்பதில்லை என்று பேசாமலே ஒரு ஏற்பாடு வந்துவிட்டது. லாவண்யாவுக்குத் தும்கூரில் மாப்பிள்ளை அமைந்து, பத்திரிகை வைக்க வீட்டுக்கு வந்தாள். மாரம்மா அவளுக்குக் காபி போட்டுக் கொடுத்து, கல்யாணத்துக்கும் போய்வந்தாள். மனசு முழுக்கச் சுத்தமாகவில்லை. ஆனால் மண்டபத்தில் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து முழுசாகச் சாப்பிட்டாள்.

2008ஆம் வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் கிருஷ்ணகிரி போக ஓசூர் பஸ் ஸ்டாண்டில் நின்றார்கள். புத்தகக் கடையில் அந்த மாத இதழ் தொங்கிக்கொண்டிருந்தது. கடைக்காரர் ஆஞ்சப்பனுக்கு வெள்ளைச்சாமி பழைய வாடிக்கை. மாரம்மா கொஞ்சம் தள்ளி மகளுக்குக் கொய்யாப்பழம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சார், இந்த மாரம்மான்னு எழுதறது உங்க வீட்டம்மாவாமே. தஸ்தகீர் சொன்னாரு,” என்று கேட்டார் ஆஞ்சப்பன்.

“ஆமா,” என்றான் வெள்ளைச்சாமி. இதழைப் புரட்டிக்கொண்டே, “அது பாட்டுக்கு எழுதும். எழுத்துப்பிழை, கதைப் போக்கு எல்லாம் பார்த்துத் திருத்திக் குடுக்கிறது நான்தான்,” என்றான்.

மாரம்மாவுக்கு அது நன்றாகக் கேட்டது. ஆஞ்சப்பன் அவளை நிமிர்ந்து பார்த்து, அப்படியாம்மா என்பது போலத் தலையசைத்தார். அவள் இரண்டு கொய்யாப்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு புருஷனின் முதுகைப் பார்த்தாள். அவன் திரும்பவில்லை. காது மடல் இரண்டும் சிவந்திருந்தன.

“ஆமாங்க,” என்றாள் ஆஞ்சப்பனிடம். “பிழை நிறைய வரும் எனக்கு.”

கிருஷ்ணகிரி பஸ் உள்ளே நுழைந்தது. வெள்ளைச்சாமி முன்னால் ஓடி ஏறி ஜன்னலோர சீட்டில் துண்டைப் போட்டுவிட்டு, அவள் ஏறி வந்ததும் அந்த இடத்தை அவளுக்கு விட்டான்.